ஏரிச் சேற்றிற் பூசண வித்துக்கள்

நாடிழந்து காட்டிலிருந்த குமணனைக் கண்டு பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறப்பாட்டொன்றில், புலவர் தம் மனையின் வறுமையைச் சொல்லவேண்டிய இடத்து, சமையலை நெடுநாளாக மறந்துவிட்ட அடுப்பிற் காளான் முளைத்திருந்த செய்தியைச் சொல்கின்றார். பசி, பசி என்று பத்து முறை அடுக்கிக் கூறினும் பிறவாத தெளிவு அவ்வொரு காளானாற் பிறக்கின்றது. எங்ஙனமெனில், நாள்தோறும் தீ மூளும் அடுப்பிற் காளான் தோன்றாது. அது தோன்றுதற்கு ஈரம் வேண்டும். மட்கிய பொருள் வேண்டும். பல நாள் தீண்டுவாரின்றிக் கிடத்தலும் வேண்டும். ஆதலின், அதனைக் கண்டவன் தான் காணாத நாட்களில் அவ்வீட்டில் நிகழ்ந்தது இன்னதென்று ஐயமின்றி உணர்வான். காளான் பொய்க்கரி கூறுவதில்லை. இவ்வகை உணர்வையே அளவையாகக் கொண்டு, இக்காலத்து நிலநூலாரும் தாவரநூலாரும் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு நிலம் எவ்வாறிருந்தது, அதில் எவ்விலங்குகள் மேய்ந்தன, எப்பொழுது காடு எரிந்தது என்பவற்றை ஆராய்கின்றனர். அவர்க்குக் கரியாக நிற்பது முழுக்காளானன்று. கண்ணுக்குப் புலனாகாத அதன் வித்து.

சொல்லைப்பற்றி ஒரு சிறிது கூறிவிட்டு மேற்செல்வோம். குடைபோல் எழுவதனையே நாம் காளான் என்கின்றோம். ஆம்பி என்பது அதன் பழம்பெயர். பழஞ்சோற்றிலும் ஊறுகாயிலும் ஈரச்சுவரிலும் படர்வதனைப் பூசணம், பூஞ்சணம், பூஞ்சை எனப் பலவாறு வழங்குகின்றோம். இவையெல்லாம் ஒரே பெருங்குலத்தைச் சார்ந்தவை. அக்குலத்துக்குப் பூவுமில்லை, காயுமில்லை. ஆங்கிலத்தில் ஸ்போர் எனப்படும் நுண்ணிய துகள்களாலேயே அவை இனம் பெருக்குகின்றன. இத்துகளை வித்து என்பாரும் சிதல் என்பாரும் உளர். சிதல் என்பது பழந்தமிழிற் கறையானுக்குரிய பெயராதலால் யாம் வித்து என்பதனையே இக்கட்டுரையில் ஆளுகின்றோம். ஆயினும், புற்றினுட் பூசணம் வளர்த்து உண்ணும் கறையானின் பெயரே பூசண வித்துக்கும் வந்து சேர்ந்தது ஒரு வியப்புத்தான். ஆக்கியோர் அதனைக் கருதினரோ இல்லையோ, புற்றுக்காளான் தின்றவர்க்கு அப்பொருத்தம் விளங்கும்.

பூசணங்கள் வெளிவிடும் வித்துக்கள் அளவிறந்தன. ஆனால் அவற்றுள் மிகப் பல சில நாட்களிலேயே அழிந்தொழிகின்றன. மெல்லிய தோலும் நிறமின்மையும் உடையவை சேற்றில் நில்லா. கைட்டின் என்னும் பொருளாலாகிய தடித்த சுவரும், அதனுள் ஊறிய மெலனின் என்னும் கருநிறமும் உடையவையே நெடுங்காலம் நிற்கின்றன. வண்டின் முதுகோடும் நண்டின் ஓடும் ஆவது அக்கைட்டினாலேயாம். நம் மயிரைக் கருப்பாக்குவதும் மெலனினே. இவ்விரண்டும் கூடிய வித்து, காற்றோட்டமற்ற ஏரியடிச் சேற்றிலோ, பீட் எனப்படும் மட்கிய தாவர மண்ணிலோ புதையுண்டால், பத்தாயிரம் ஆண்டுகள் கழித்தும் நேற்று உதிர்ந்ததுபோலக் கிடக்கும். ஆகவே, சேறு நமக்குக் காட்டுவது பண்டைப் பூசணங்கள் அனைத்தையுமன்று. கருந்தோல் போர்த்த ஒரு பகுதியையே என்பதை முதலிலேயே நினைவில் இருத்துதல் நன்று.

வியப்பு யாதெனில், இவ்வித்துக்களை ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் கண்டும் காணாதவராய் இருந்தமையே. 1916-இல் ஸ்வீடன் நாட்டு நிலநூற் புலவரான லென்னார்ட் வான் போஸ்ட் என்பார், சதுப்பு மண்ணிற் புதைந்த மகரந்தத் துகள்களை அடுக்கடுக்காக எண்ணிப் பண்டைக் காடுகளின் வரலாற்றை வரையும் முறையை அறிஞர் அவையில் விளக்கினார். அது முதல் உலகெங்கும் மகரந்தம் எண்ணுவோர் பெருகினர். அவர்தம் கண்ணாடித் தகட்டில் மகரந்தத்தோடு பூசண வித்துக்களும் வந்து விழுந்தன. அரிசி பொறுக்குவோன் கல்லைத் தள்ளுவதுபோல அவற்றைத் தள்ளிவிட்டுப் பெரும்பாலோர் தம் எண்ணிக்கையைத் தொடர்ந்தனர். 1970-களில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து பாஸ் வான் கீல் என்பாரே அக்கற்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலுமுள்ள சதுப்பு மண்ணில் தாம் கண்ட மகரந்தமல்லாத நுண்பொருள்கள் ஒவ்வொன்றையும் படம் எழுதி, அளவு குறித்து, பெயர் தெரிந்தால் பெயரும், தெரியாவிடின் ஓர் எண்ணும் இட்டார். பெயர் தெரியுமட்டும் காத்திராமல் எண்ணிட்டு வைத்தது சிறந்த அறிவுடைமை என்பது எம் கருத்து. இன்று 113-ஆம் வகை என்றால் எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் அதனை ஸ்போரோர்மியெல்லா என்று அறிவர். அதுவே இக்கட்டுரையின் தலைவன்.

சேற்றிலிருந்து வித்தைப் பிரித்தெடுக்கும் தொழில் பொறுமையும் எச்சரிக்கையும் மிக வேண்டுவது. ஏரியின்மேல் தெப்பமிட்டோ, பனி உறைந்த காலத்துப் பனிமேல் நின்றோ, நீண்ட குழாயை அடிச்சேற்றிற் செலுத்திச் சேற்றுத் தண்டு ஒன்றை முறியாது வெளியெடுப்பர். அடியிலுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. அத்தண்டினின்று ஒரு கன சென்டிமீட்டர் அளவாகத் துண்டுகள் எடுத்து, காரநீரிட்டுக் கொதிப்பித்து மட்கைக் கரைப்பர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாற் சுண்ணத்தையும், ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் மணலையும் போக்குவர். பின்னது கண்ணாடியையே தின்னும் கொடிய பொருள். தோலிற் பட்டால் எலும்புவரை செல்லும். இறுதியில், அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் ஒன்பதுக்கு ஒன்றாகக் கலந்த கலவையிலிட்டுச் செல்லுலோஸை அழிப்பர். இத்தனை கொதிப்புக்கும் எரிப்புக்கும் அழியாது எஞ்சுவன மகரந்தத்தின் மேலோடும் கருந்தோற் பூசண வித்துமே. எஞ்சியதனைத் தகட்டிற் பரப்பி, நானூறு மடங்கு பெருக்கிக்காட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வரிசை வரிசையாக நகர்த்தி எண்ணுவர்.

இனி, இன்ன வித்து இன்னதென்று துணிவது எவ்வாறு? நிறம், வடிவம், அளவு, அறைகளின் எண்ணிக்கை, சுவரின் தடிப்பு, மேற்பரப்பின் ஒப்பனை, முளை வெளிவரும் வாயில் என்னும் இவற்றைக்கொண்டே துணிவர். இவற்றுள் வாயிலே தலையாயது. சில வித்துக்களுக்கு அவ்வாயில் வட்டத் துளையாயிருக்கும்; சிலவற்றுக்கு நெடுகக் கீறிய பிளவாயிருக்கும். சொர்டாரியாவின் வித்து ஓரறை உடையது, நீள்வட்டமானது, ஒரு முனையில் ஒரு துளை மட்டும் உடையது. போடோஸ்போராவும் அதனைப் போன்றதே. ஆனால் துளைக்கு எதிர்முனையில் காம்பு ஒடிந்த வடுப்போலத் தட்டையான அடி காணப்படும். கீட்டோமியம் எலுமிச்சம்பழ வடிவினது. கெலாசினோஸ்போராவின் மேற்பரப்பு முழுதும் தையல்விரற் கவசம்போலக் குழிகளாற் பொதிந்திருக்கும். அதன் உறவான நியூரோஸ்போராவிலோ குழிகளுக்கு மாறாக நரம்போடியது போன்ற நெடுவரிகள் காணப்படும். பெயரும் அதனாலேயே வந்தது.

ஸ்போரோர்மியெல்லாவின் வித்து இவற்றினும் வேறானது. பெரும்பாலும் நான்கு அறைகள், சில இனங்களில் எட்டு, சிலவற்றில் அதனினும் மிகுதி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிகள்போல் அமைந்திருக்கும். நிறம் ஆழ்ந்த பழுப்பு. முழு வித்தாகச் சேற்றிற் கிடைப்பது அரிது. அறைகள் தனித்தனியே கழன்று கிடப்பதே வழக்கம். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 10 மைக்ரான் அளவினது. அஃதாவது, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் ஒரு கூறு. இடையறை உருளைபோலவும் முனையறை ஒருபுறம் குவிந்தும் இருக்கும். இவ்விரண்டிலும், சிலவற்றில் நேராகவும் சிலவற்றிற் சிறிது வளைந்தும், ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரு பிளவு ஓடும். அப்பிளவே அடையாளம். தகட்டின்மேல் அறை புரண்டு பிளவு அடிப்புறம் ஆய்விட்டால் அது வெறும் பழுப்புப் புள்ளியாகவே தோன்றும். பழகியவர் தகட்டின் மேலுள்ள மெல்லிய கண்ணாடியை ஊசிமுனையால் மெல்லத் தட்டி, துகளைப் புரளச்செய்து பார்ப்பர். பத்து மைக்ரான் பொருளொன்றன் முதுகைத் திருப்பிப் பார்ப்பதிலேதான் ஒரு கண்டத்து யானைகளின் வரலாறு தங்கியிருக்கின்றது என்றால் மிகையாகாது.

இவ்வித்துக்கும் யானைக்கும் தொடர்பு யாது? ஸ்போரோர்மியெல்லா சாணத்தில் வாழும் பூசணம். புல்லின்மேல் ஒட்டிக்கிடக்கும் வித்தைப் புல்லோடு விலங்கு உண்ணும். குடலின் வெம்மையும் செரிமான நீரும் வித்தின் உறக்கத்தைக் கலைக்கும். சாணத்தோடு வெளிவந்து முளைத்து, சில நாட்களில் குப்பிபோன்ற கரிய நுண்ணிய கனியுடல்களைச் சாணத்தின்மேல் தோற்றுவிக்கும். அவற்றினின்று வித்துக்கள் விசையோடு எறியப்பெற்று அருகிலுள்ள புல்லிற் சென்று ஒட்டும். மீண்டும் ஒரு வாய் அப்புல்லைத் தின்னுமளவும் அவை காத்துக்கிடக்கும். இச்சுழற்சியில் புல்லுண்ணும் விலங்கு இன்றியமையாத ஒரு கண்ணி. விலங்கு குறைந்தாற் சாணம் குறையும். சாணம் குறைந்தால் வித்துக் குறையும். மழைநீர் ஏரிக்கு அடித்துச்செல்லும் வித்தும் குறையும். மேலும், இவ்வித்து காற்றில் நெடுந்தூரம் பறப்பதன்று. ஏரியில் அது மிகுந்திருப்பின், அவ்வேரியை அடுத்தே விலங்குகள் மேய்ந்தன என்று கொள்ளலாம். எலும்பு கிடைப்பது அரிது. கிடைப்பினும் ஒரு விலங்கு இறந்த ஒரு நாளையே அது சொல்லும். சேற்றுத் தண்டோ இடையறாத ஒரு நாட்குறிப்புப் போன்றது.

1987-இல் ஓவன் டேவிஸ் என்பார் அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஏரிகளில் இவ்வித்தை எண்ணி இரண்டு செய்திகளைக் காட்டினார். ஐரோப்பியர் ஆடுமாடுகளைக் கொண்டுவந்த பின் படிந்த சேற்றில் வித்து மிகுந்திருந்தது. அதற்கு முந்திய பல்லாயிரம் ஆண்டுச் சேற்றில் அது அரிதாய் இருந்து, இன்னும் கீழே, மாமதமும் பிற பெருவிலங்குகளும் வாழ்ந்த பனிக்காலச் சேற்றில் மீண்டும் மிகுந்திருந்தது. முதற்செய்தி இரண்டாவதற்கு உரைகல்லாய் அமைந்தமையே இவ்வாராய்ச்சியின் அழகு.

வட அமெரிக்காவில் மாமதம், மாஸ்டொடான், நிலத்தேவாங்கு முதலிய பெருவிலங்குகள் பனிக்காலத்தின் இறுதியில் மறைந்தன. மறைந்தமைக்குக் காரணம் தட்பவெப்ப மாறுதலா, வேட்டையாடிய மனிதனா என்னும் வழக்கு நூறாண்டுக்கு மேற்பட்டது. 2009-இல் ஜாக்குலின் கில் முதலியோர் இந்தியானா மாநிலத்து ஆப்பிள்மன் ஏரியின் சேற்றை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி இவ்வழக்கிற் புதியதொரு கரியாய் வந்தது. அச்சேற்றில், ஏறத்தாழ 14,800 ஆண்டுகட்கு முன் ஸ்போரோர்மியெல்லா குறையத் தொடங்கி, 13,700 ஆண்டுகட்கு முன் மகரந்தத் தொகையில் 2 விழுக்காட்டுக்கும் கீழ் இறங்கிவிட்டது. அதன் பின்னரே காட்டின் தன்மை மாறியது. குளிர்நாட்டுத் தளிசு மரங்களோடு ஆஷ், எல்ம் முதலிய அகலிலை மரங்கள் கலந்து, இன்று எங்கும் காணக்கிடையாத ஒரு கலப்புக் காடு எழுந்தது. அதன் பின்னரே கரித்துகள் மிகுந்து பெருந்தீக்கள் நிகழ்ந்தன. இம்முறைவைப்பை நோக்குக. காடு மாறியதால் விலங்கு குறைந்தது என்பாரது கூற்று இவ்வேரியளவில் நில்லாது. விலங்கு குறைந்தபின்னன்றோ காடு மாறியது! அகலிலைக் கன்றுகளைக் கடித்து அடக்கிவைத்த வாய்கள் இல்லாமற்போகவே அக்கன்றுகள் மரமாயின என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 12,900 ஆண்டுகட்கு முன் விண்கல்லொன்று விழுந்ததே காரணம் என்பாரது கூற்றும் காலத்தாற் பொருந்தாது. குளோவிஸ் என்னும் ஈட்டிமுனைகளைச் செய்த வேட்டுவர் காலமும் ஏறத்தாழ 13,000 ஆண்டுகட்கு முற்பட்டதே. குறைவு அதற்கும் முன்னே தொடங்கிவிட்டது. ஆகவே, மனிதனே காரணமாயின் அவன் குளோவிஸ் மக்களுக்கும் முந்தியவனாதல் வேண்டும்.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. குறைதல் வேறு, அழிதல் வேறு. 13,700 ஆண்டுகட்குப் பிற்பட்ட மாஸ்டொடான் எலும்புகள் அமெரிக்காவிற் கிடைத்திருக்கின்றன. வித்துக் காட்டுவது மந்தை சிறுத்துப்போன காலத்தை. எலும்புக் காட்டுவது கடைசியாய்த் தப்பி நின்ற சிலவற்றை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவோர் படிப்போரை மயக்குகின்றனர்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில், லிஞ்ச் குழி என்னும் பழைய எரிமலை வாய் உண்டு. அது நிரம்பிய சதுப்பில் ஏறத்தாழ 130,000 ஆண்டுகளின் படிவை ஆராய்ந்து 2012-இல் சூசன் ரூல் முதலியோர் தம் முடிவை வெளியிட்டனர். 41,000 ஆண்டுகட்கு முன்னரளவில் ஸ்போரோர்மியெல்லா திடீரெனக் குறைந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துக் கரித்துகள் மிகுந்தது. பிறகு மழைக்காடு சுருங்கித் தடித்த இலையுடைய தைல மர வகைகள் பரவின. அதற்கு முன்னும் இருமுறை, 120,000 ஆண்டு அளவிலும் 75,000 ஆண்டு அளவிலும், தட்பவெப்பம் பெரிதும் மாறியதுண்டு. அப்பொழுதெல்லாம் வித்துக் குறையவில்லை. மூன்றாவது முறை குறைந்தபொழுது அத்தகைய பெருமாறுதல் இல்லை; ஆனால் மனிதர் அக்கண்டத்துக்கு வந்துவிட்டிருந்தனர். இது மனிதன்மேற் குற்றம் சாட்டும் கரி என்பதில் ஐயமில்லை. அவன் கையிற் கறை கண்டதாகாது என்பதும் உண்மை.

மடகாஸ்கரின் செய்தி இன்னும் அண்மைக் காலத்தது. யானைப்பறவை, பேருருக் குரங்கினமாகிய பெருலெமூர், குறு நீர்யானை, பேராமை இவை வாழ்ந்த அத்தீவின் தென்மேற்கில், ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் வித்து விரைந்து குறைந்ததையும், சில பத்தாண்டுகளுக்குள் கரித்துகள் மிகுந்ததையும் 2003-இல் டேவிட் பர்னி முதலியோர் காட்டினர். மேய்வாரற்ற புல் உயர்ந்து காய்ந்து பெருந்தீக்கு இரையாயிற்று என்பது அவர் கருத்து. சில நூற்றாண்டுகள் கழித்துத் தீவின் வடமேற்கில் வித்து மீண்டும் ஏறுகின்றது. அந்த ஏற்றம் யானைப்பறவையாலன்று. மனிதன் கொண்டுவந்த திமிலுடைய மாட்டினாலாகும்.

இவ்வளவும் எண்ணிக்கையின்மேல் நிற்பதால் எண்ணும் முறையைச் சற்று விரித்தல் வேண்டும். நூறு மகரந்தத்துக்கு இத்தனை வித்து என விழுக்காடாகச் சொல்லுவது எளிய முறை. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. விலங்கும் வித்தும் மாறாதிருக்க, மகரந்தம் மிகுதியாய் உதிர்க்கும் மரங்கள் ஏரியைச் சூழ்ந்து வளர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். மகரந்தம் இரட்டித்தால் வித்தின் விழுக்காடு பாதியாகும்! விலங்கு ஒன்றுகூடச் சாகாமலே மந்தை பாதியாய்விட்டதாகத் தோன்றும். இதனைத் தவிர்ப்பதற்கு, லைக்கோபோடியம் என்னும் செடியின் வித்துக்களை எண்ணி அடைத்த மாத்திரையைச் சேற்றுத் துண்டோடு முதலிலேயே சேர்த்துக் கரைப்பர். மாத்திரையில் 10,000 வித்து இருந்ததெனக் கொள்க. தகட்டில் 100 லைக்கோபோடியமும் 50 ஸ்போரோர்மியெல்லாவும் எண்ணப்பட்டால், துண்டில் இருந்த ஸ்போரோர்மியெல்லா 5,000 என்பது தேறும். கதிரியக்கக் கார்பனால் சேற்றின் வயதை அளந்து, ஆண்டுக்கு எத்தனை சேறு படிந்தது என்பதும் தெரிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஓராண்டில் விழுந்த வித்து இத்தனை என்று மகரந்தத்தைச் சாராமலே கூறலாம். இவ்விருமுறையும் ஒத்துச் சொன்னாலன்றி ஒரு வீழ்ச்சியை நம்பலாகாது.

வேறு தடைகளும் உள. கரையை விட்டு அகன்ற நடுவேரிச் சேற்றில் இவ்வித்துக் குறைந்தே காணப்படும். ஆகவே, ஏரி நிரம்பிக் கரை விலகினாலும் வித்துக் குறையும், விலங்கு குறைந்ததாகாது. ஈரம் மிக்க காலத்தில் பூசணம் செழிக்கும். வறண்ட காலத்திற் சாணம் இருந்தும் பூசணம் எழாது. இன்னும், ஸ்போரோர்மியெல்லாவின் நெருங்கிய உறவினங்களின் வித்து நுண்ணோக்கியில் அதனைப்போலவே தோன்றும்; ஆதலின் கவனமுடையோர் ஸ்போரோர்மியெல்லா என்று துணிந்து கூறாது, ஸ்போரோர்மியெல்லா வகை என்றே எழுதுவர். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரிற் பச்சையாகவும் சிவப்பாகவும் படர்ந்த தோஷத்தைக் கண்ட ஆசாரியன் அப்பொழுதே தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை; வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்துத் திரும்பி வந்து பார்க்கின்றான். பூசணத்தைப்பற்றித் தீர்ப்புக் கூறுவார்க்கு அவ்வாசாரியனுடைய பொறுமை மிகவும் வேண்டற்பாலது.

அவசரத் தீர்ப்பு எத்துணை இடர் தரும் என்பதற்கு ஒரு சான்று. 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகட்கு முன் உலகத்து உயிர்களிற் பெரும்பகுதி மாண்டொழிந்த காலத்துப் பாறைகளில், ரெடுவியாஸ்போரோனைட்டஸ் என்னும் சங்கிலி வடிவ நுண்பொருள் பல நாடுகளில் மிகுந்து கிடைக்கின்றது. இறந்த காடுகளைத் தின்று கொழுத்த பூசணம் இது என 1996-இல் ஹென்க் விஷர் முதலியோர் கூறினர். செத்த மரங்களின்மேல் உலகெங்கும் பூசணம் பூத்த காட்சி படிப்போர் மனத்தைக் கவர்ந்தது. 2002-இல் வேறு சிலர் அதன் வேதியல் இயல்பை ஆராய்ந்து, அது பூசணமன்று, பாசி என்றனர். 2009-இல் மற்றொரு குழுவினர் மீண்டும் பூசணமே என்றனர். வடிவம் ஒன்றையே நம்பினால் நேர்வது இது. அழகிய கதையொன்று கிடைத்தபின் அதற்கு மாறான கரியைக் கேட்க மனம் ஒருப்படுவதில்லை.

சாணப்பூசணமல்லாத பிறவும் சிற்சில செய்திகளை உரைக்கும். கிரெட்ச்மாரியா என்பது ஐரோப்பாவிற் பீச்சு முதலிய மரங்களின் அடியை அரிக்கும் பூசணம்; அதன் வித்துக் கண்டவிடத்து அம்மரம் அருகிலேயே நின்றதென்று அறியலாம். குளோமஸ் வேரோடு ஒட்டி மண்ணுக்குள் வாழ்வதாதலால், ஏரியின் நடுவே அது மிகுந்திருப்பின் சூழ்ந்த நிலம் அரிப்புண்டு மண் அடித்துவரப்பட்டது என்பர். ஆனால் சதுப்பு மண்ணில் அங்கேயே வளர்ந்த செடியின் வேரிலும் அது இருக்கக்கூடும். நியூரோஸ்போராவின் வித்து வெப்பம் பட்டாலன்றி முளைக்காது. எனவே அது தீயின் அறிகுறி. கீட்டோமியம் வைக்கோலும் துணியும் மட்கும் இடத்தில் வளர்வதாதலின் மனிதர் குடியிருப்பை உணர்த்தும்.

யாம் படித்தவற்றுள் எம் மனத்தை மிகக் கவர்ந்தது வேறொன்று. 2002-இல் சைபீரியாவின் வடக்கே யாகுத்திய நாட்டில் பனியுள் உறைந்த மாமதம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. யுகாகிர் மாமதம் என்பது அதன் பெயர். அது வாழ்ந்தது 20,000 ஆண்டுகட்கும் முன்னர். அதன் குடலில் இருந்த சாணத்தை வான் கீல் முதலியோர் ஆராய்ந்தபொழுது, சாணப்பூசணத்தின் வித்து மட்டுமன்றி முதிர்ந்த கனியுடல்களே அதிற் கிடந்தன. வித்து இருப்பது இயல்பு, புல்லோடு உட்சென்றிருக்கும். ஆனால் கனியுடல் காற்றும் ஒளியும் இல்லாத குடலுக்குள் தோன்றமாட்டாது. வெளியிற் கிடந்த சாணத்தின்மேல் சில நாட்கள் வளர்ந்தாலே தோன்றும். ஆகவே அம்மாமதம் முன்பே கிடந்த சாணத்தைத் தின்றிருக்கவேண்டும் என்பது முடிபு. இன்றும் யானைக்கன்று தாயின் இலத்தியைத் தின்பதுண்டு. எலும்பும் தந்தமும் சொல்லமாட்டாத இவ்வீட்டுச் செய்தியைப் பூசணம் சொல்லிற்று.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சேறு உண்டு. நீலகிரியின் மேல் சாண்டிநல்லா முதலிய இடங்களிற் பீட் மண் ஆழமாகப் படிந்திருக்கின்றது. 1993-இல் இரா. சுகுமார் முதலியோர் அதிலுள்ள கார்பனின் இயல்பை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் பனிக்காலம் உச்சத்திலிருந்த பொழுதே அம்மலைமேற் புல்வெளி பரந்திருந்தது என்று காட்டினர். இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மனிதன் சோலையை வெட்டியும் எரித்தும் உண்டாக்கிய வீண்நிலமே அப்புல்வெளி என்று எண்ணி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அதன்மேற் சீகையும் கற்பூர மரமும் நட்டுப் பெரும்பகுதியை மூடிவிட்டனர். புல்வெளி தொன்மையானதாயின், அதனை மேய்ந்து காத்தவை எவை, தோடர்தம் எருமைகள் எப்பொழுது வந்தன, அவற்றுக்குமுன் மேய்ந்தவை எத்துணை என்னும் வினாக்கள் எழும். சாணப்பூசண வித்தை அடுக்கடுக்காக எண்ணினால் மேய்ச்சல் மிகுந்த காலமும் குறைந்த காலமும் புலப்படக்கூடும். ஆனால் எருமையின் சாணத்திலும் காட்டெருமையின் சாணத்திலும் கடமானின் புழுக்கையிலும் எழுவது ஒரே ஸ்போரோர்மியெல்லாதான். மேய்ந்தது எத்துணை என்பதற்கு அது விடை கூறும். மேய்ந்தது எது என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு எலும்பையோ மட்பாண்ட ஓட்டையோ வேறிடத்தில் தேடவேண்டும்.